பேரை எழுது

"முதல்ல பேரை எழுது. இன்சூரன்ஸ் அட்டை கிட்டை எல்லாம் அப்புறம்" என்று கைத்தடியால் மேசையைத் தட்டினாள் அந்த அம்மாள். அவளுடைய இன்னொரு கை, சக்கர நாற்காலியில் சரிந்து கிடந்த பெரியவரின் தோளைத் தாங்கியிருந்தது. தன் கோட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு, டிசம்பர் குளிரில் வெறும் சட்டையோடு நின்றாள்.

வரவேற்பு மேசையில் இருந்த லேசிக்கு எரிச்சலாக வந்தது. அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் அந்த மலையூருக்கு இருப்பதே ஓர் ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் கட்டில்கள் நிரம்பி, நடைவழியிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள்.

காப்பீடு இல்லாதவர்களைப் பக்குவமாகத் திருப்பிவிடு என்று காலையில்தான் மேலாளர் சொல்லியிருந்தார். முடியாது என்று சொல்லக் கூடாது. நேரமாகும் என்று மட்டும் சொல்ல வேண்டும். பெயரைப் பதியாதவரை, வந்த ஆள் கணக்கில் வந்த ஆளே அல்ல.

"அம்மா, இங்க ரொம்ப நேரமாகும். கவுண்டி அரசாங்க ஆஸ்பத்திரி ஒரு மணி நேர வழிதான். அங்க போனா உடனே பார்த்துடுவாங்க" என்றாள் லேசி.

"அங்க போய்ச் சேர்றதுக்குள்ள இவர் போய்ச் சேர்ந்துடுவார். வலது கை தூக்க வரலை, வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

லேசி எட்டிப் பார்த்தாள். காற்சட்டை முழுக்கச் சேறு. பல நாள் தாடி. வாயோரம் எச்சில் வழிந்தது.

"ஞாயித்துக்கிழமை காலையில இந்த ஊர்ல பாதிப் பேருக்கு வாய் கோணித்தான் இருக்கும். போதை இறங்கினா தானா நேராகும்" என்று சிரித்தான் காவலாளி டுவைட்.

"உங்க அம்மா உயிரோட இருந்திருந்தா, இந்தப் பேச்சுக்கு இந்நேரம் உன் வாயைக் கோணலாக்கியிருப்பா டுவைட்" என்றாள் அவள். அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போது பெரியவரின் உதடுகள் அசைந்தன. "அட்டை... அட்டை இருக்கா? இங்க இடமில்லை. கவுண்டிக்குப் போங்க..." என்று குழறினார்.

"பார்த்தீங்களா, அவரே சொல்றாரு!" என்று டுவைட் கைதட்டினான். காத்திருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மாளின் தாடை மட்டும் இறுகியது. ஆனாலும் கையை அந்தத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"நகருங்கம்மா, பின்னால ஆள் நிக்குது" என்றாள் லேசி.

"எங்க குடும்பத்துல யாரும் ஒரு வாசல்ல நின்னு கெஞ்சினதில்லை. நானும் கெஞ்ச வரலை. உன் தலைக்கு மேல ஒரு பலகை தொங்குதே, அதைப் படி. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி."

லேசி திரும்பினாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே தொங்கும் பலகைதான். ஒரு தரம்கூடப் படித்ததில்லை. இப்போது கிறிஸ்துமஸ் காகித மாலை வேறு பாதியை மறைத்திருந்தது.

"படிக்க மாட்டியா? நானே சொல்றேன். பணம் இருந்தாலும் இல்லாட்டியும், இந்த வாசலுக்கு வந்தவங்க பேரைப் பதியணும், டாக்டர் பார்க்கணும். அதுதான் சட்டம். இந்தப் பலகை இல்லாத காலத்தையும் பார்த்தவ நான்."

டுவைட் வந்து சக்கர நாற்காலியின் பிடியில் கை வைத்தான். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நாற்காலிக்கு முன்னால் போய் நிமிர்ந்து நின்றாள்.

"தள்ளு. என் மேல ஏத்தித்தான் தள்ளணும். இந்த உடம்பு எழுபது வருஷமா யாருக்கும் வழி விட்டதில்லை."

டுவைட் தள்ளவில்லை. கடைசி வரிசையில் இருந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். "எழுதும்மா. நாங்க காத்திருக்கோம்" என்றார். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

லேசியின் விரல்கள் விசைப்பலகைக்குப் போயின. "பேரு?"

"ஓரன் ஸ்டாம்பர்."

பெயர் பதிவான மறு நிமிடம் நர்ஸ் வந்தாள். பெரியவரின் முகத்தை ஒரு தரம் பார்த்தவள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினாள்.

வெகு நேரம் கழித்துத்தான் நர்ஸ் வெளியே வந்தாள். "மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. மருந்து ஏத்தியாச்சு, கை அசையுது. கவுண்டிக்கு அனுப்பியிருந்தா பாதி வழிகூடத் தாங்கியிருக்க மாட்டார்" என்றாள்.

லேசி எழுந்தாள். ஒரு கோப்பை காப்பியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் போனாள். அவள் நாற்காலியில் சாயாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பிழைச்சுட்டார்."

"எனக்குக் கல்யாணமே ஆகலை."

"அப்போ... அண்ணனா?"

"ஒட்டுமில்லை, உறவுமில்லை. சர்ச்சுக்குப் போற வழியில, ஓடைக்கரையில விழுந்து கிடந்தார். அந்தப் பக்கம் வந்த வண்டியை நிறுத்தி ஏத்திக்கிட்டு வந்தேன்."

லேசி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "யாரோ ஒருத்தருக்காகவா இத்தனை சண்டை போட்டீங்க? அவரை உங்களுக்கு முன்னப்பின்ன தெரியுமா?"

அந்த அம்மாள் காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"நல்லாத் தெரியும். சாகக் கிடந்த என் தம்பியை, இதே மேசையில உட்கார்ந்து திருப்பி அனுப்பின ஆள்."