முதல் ‘வேண்டும்’

‘மனசுக்கு வைத்தியம் தேவைப்படற ஆள் நான்தான்னு இப்பவே சொல்லிட்டா என்ன ஆயிடும்?’

எதிரே முதலாளி சிரித்துக்கொண்டிருந்தார். அவள் நினைத்ததை விழுங்கினாள்.

“போன மாசம் மேடம் எல்லார்கிட்டயும் எழுதி வாங்கினாங்க,” என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் சொன்னார் முதலாளி. “ஊழியர் காப்பீட்டில் மனநல சிகிச்சையும் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா? நூத்தி எண்பத்தி நாலு பேர். ஒருத்தர், ஒரே ஒருத்தர் வேணும்னு எழுதலைங்க! அட்டைப்பெட்டி செய்யற கம்பெனி இது. பெட்டி நசுங்கினா தூரத்துல இருந்தே கண்டுபிடிச்சிடுவேன். மனுஷன் நசுங்கினா எனக்குத் தெரியாதா?”

அந்தப் படிவத்தைத் தயாரித்தது பணியாளர் பிரிவு மேலாளரான அவள்தான். பழக்கதோஷத்தில், காலணி அளவு கேட்கிற படிவம் மாதிரி, மேலே பெயரும் பணியாளர் எண்ணும் கேட்டுவிட்டாள். மேற்பார்வையாளர்கள் மூலமாக வாங்கவும் சொல்லிவிட்டாள். பெயரைப் போட்டு, மனசுக்கு வைத்தியம் வேண்டும் என்று எழுதிக்கொடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்? அவளுக்கே வரவில்லை. அவள் படிவத்திலும் ‘வேண்டாம்’தான். அதற்கப்புறம் கண்ணாடி பார்க்கவே கூசியது.

நாலு மாதமாக அவள் சனிக்கிழமைதோறும் மனநல மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தாள். வீட்டில் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தாள். அங்கே ஒருநாள், அட்டை வெட்டும் மெஷின் ஓட்டுகிற ‘ரேடியோ’ உட்கார்ந்திருந்தார். ஓயாத பேச்சுக்கு அவருக்குக் கிடைத்த பெயர் அது. மூலையில் தலையைக் குனிந்திருந்தவரைப் பார்த்ததும் அவள் பத்திரிகையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

மூன்று வாரம் இந்த நாடகம் நடந்தது. நாலாவது வாரம் அவர் வரவில்லை. அவளே அவர் மெஷினுக்குப் போய்க் கேட்டாள்.

“ஒரு தடவை அவங்க வாங்கற காசுல எங்க வீட்டு அடுப்பு பத்து நாள் எரியும் மேடம்,” என்றார். “நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்து சமாளிச்சிக்கறேன், விடுங்க.”

அவளால் விட முடியவில்லை.

டீ வந்தது.

“மேடத்துக்கு ஆறட்டும்,” என்றார் முதலாளி. “நாலு மாசமா பல்லுக்கு வைத்தியம் பார்க்கறாங்க. பல்லுக்குக் காப்பீடு கேட்டிருந்தாலாவது ஒரு நியாயம் இருக்கு.”

இன்ஷூரன்ஸ்காரர் பேனாவை நீட்டினார். “அப்ப பழைய பாலிசியவே புதுப்பிச்சிடலாமா சார்? இன்னிக்குக் கடைசி நாள்.”

“ஒரு நிமிஷம்,” என்றாள் அவள். “பாதிப் பேர் கேட்டா கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்னு சொன்னீங்களே சார்?”

“சொன்னேன். இப்பவும் சொல்றேன்.”

அவள் காலடியிலிருந்த பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். “இந்த வாரம் மறுபடி எழுதி வாங்கினேன்.”

முதலாளி ஒரு படிவத்தை எடுத்தார். ‘வேண்டும்.’ இன்னொன்று. ‘வேண்டும்.’ கையை விட்டு அடியிலிருந்து ஒன்றை உருவினார். அதுவும் ‘வேண்டும்.’

“எல்லாமேவா?”

“நூத்தி எண்பத்தி நாலும்.”

“என்னங்க இது, மொத்தக் கம்பெனிக்குமா மரை கழண்டுடுச்சு?”

“யாருக்குத் தேவைன்னு தெரியக் கூடாதுல்ல சார், அதான் எல்லாரும் எழுதிட்டாங்க. வாட்ச்மேன் உட்பட.”

திங்கட்கிழமை காலை தன் படிவத்தில் அவள் ‘வேண்டும்’ என்று எழுதி, மெஷின் மெஷினாக நடந்து காட்டியிருந்தாள். “முதல் ஆள் நான். எனக்கு நிஜமாவே தேவைப்படுது. எல்லாரும் எழுதிட்டா, உங்கள்ல யாருக்குன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.” கூடத்தில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ரேடியோதான் முன்னால் வந்தார். “என் பேனா எழுதாது, உங்களதைக் குடுங்க மேடம்.” அந்தப் பேனா அன்று மாலைவரை அவள் கைக்குத் திரும்பவில்லை.

கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். இந்த அறைக்குத்தான் தெரியாது.

“அட, உங்களதும் இருக்கே!”

“ஒண்ணு குறைஞ்சா நல்லாவா இருக்கும் சார்?”

முதலாளி சிரித்துவிட்டார். “சரிதான். சொன்ன சொல் சொன்னதுதான்.” கையெழுத்துப் போட்டார்.

கதவுக் கண்ணாடிக்கு வெளியே ரேடியோவின் தலை தெரிந்தது. அவள் லேசாகத் தலையசைத்தாள். அடுத்த நொடி விசிலும் அட்டையைத் தட்டுகிற ஓசையும் கூரையைப் பிய்த்தன.

“என்ன சத்தம் அது?”

“பெட்டி அடுக்கறாங்க சார்.”

இன்ஷூரன்ஸ்காரர் கிளம்பியதும் முதலாளி குரலைத் தாழ்த்தினார். “இதை யாரோ ஒருத்தர் ஆரம்பிச்சிருக்கணுமே. யாரு அந்த முதல் ஆள்? நிஜமாவே தேவைப்பட்ட ஆள்?”

“சொல்ல மாட்டேன் சார்.”

“திட்ட மாட்டேங்க. வேலையை விட்டும் தூக்க மாட்டேன். எனக்கு மட்டும்.”

“மாட்டேன் சார்.”

ஐந்து மணிச் சங்கு ஊதியது. வாசலில் காரை எடுத்த முதலாளி, அவள் ஏறி உட்காரும்வரை காத்திருந்து அவள் பக்கம் திரும்பினார்.

“ஆபீஸ் முடிஞ்சிடுச்சு. சாரும் கிடையாது, மேடமும் கிடையாது. உன் புருஷன் கேட்கறேன், இப்பவாவது சொல்லேன், யாரு அது?”

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

“மாட்டேங்க,” என்றாள்.