சுவரில் ஓர் ஆள் உயர இருட்டு

'டமார்!' என்று படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது. சமையலறையிலிருந்து ஓடிவந்த தமயந்தி அதைத் திறந்தாள். தூளியில் குழந்தை சிணுங்கியது. இரிடியம் பெயின்ட் அடித்த சுவர்கள் வழக்கம்போல் பால் வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்தன. தூளிக்குப் பின்னால் மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு, தலையும் தோளுமாக இருட்டு.

ஈரம் பட்டால் அந்த பெயின்ட் அணைந்துவிடும். காய்ந்ததும் தானாக ஒளிரும்.

குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, அலுவலகத்திலிருந்த கணவனுக்கு போன் செய்து கிசுகிசுத்தாள்.

பாஸ்கரன் சிரித்தான். "தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட சுவத்துல சாயாதேன்னு எத்தனை தடவை சொல்றது? இப்ப உன் முதுகைப் பார்த்து நீயே பயப்படுறியாக்கும்!"

கட்டிலுக்கு அடியில் ஏதோ உரசியது.

"இன்னிக்குத் தண்ணி லாரியே வரலைங்க... நான் இன்னும் குளிக்கல."