பலகையில் ஒரு வரி

ஏரிக்கரைப் பலகையைப் புதிதாக எழுத வந்த பெயின்டர் பிடிவாதக்காரி. மலைகளுக்கும் மூத்தது அந்த ஏரி. பார்க்க வருகிறவர்களுக்காக நீளம், அகலம், வயது எல்லாம் எழுதியாயிற்று. 'ஆழம்' என்பதற்கு எதிரே மட்டும் பழைய பலகையில் 'தெரியவில்லை' என்றிருந்தது.

"தெரியலன்னு என் கையால எழுத மாட்டேன்" என்று படகோட்டி அண்ணனை நடு ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று முணுமுணுத்தபடியே அவன் துடுப்புப் போட்டான்.

முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கினாள். படகு நிறைய இருந்த கயிறு தீர்ந்தும் தரை தட்டவில்லை. கை காந்தக் காந்த மேலே இழுத்தாள்.

குண்டு வந்தது. அதன் அடியில் இன்னொரு கயிறு கட்டியிருந்தது. அதிலும் முழத்துக்கு ஒரு முடிச்சு. அது நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது.

கீழேயிருந்து யாரோ அதை இரண்டு தடவை மெல்லச் சுண்டினார்கள்.

"அறுத்து விடு தாயே!" என்று அண்ணன் கத்தியை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை.

"சும்மா இருண்ணே. கீழ இருந்து அவங்களும் அளக்கறாங்க. அவங்க பலகையையும் யாராவது எழுதணும்ல?"

அந்தக் கயிற்றின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்குச் சரியாக, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.