காலேஜ் விடுகிற நேரம்

பிள்ளைகள் கூட்டமாக வெளியே வரத் தொடங்கியதும் யோகேஸ்வரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

மகள் பிரீத்தி இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அம்மாவோடு வந்தவள் என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

பட்டாசுக் கம்பெனி மாறுகிற பெண்கள் ஆபீசில் போய் விசாரிப்பதில்லை. ஆபீசில் எல்லாம் நல்லதாகத்தான் சொல்வார்கள். சாயங்காலம் வேலை விடும்போது கேட்டுக்கு எதிரே நின்று, வெளியே வருகிறவர்களைப் பிடித்துக் கேட்பார்கள். எம். புதுப்பட்டியில் யோகேஸ்வரிக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் கம்பெனி பார்த்தார்கள்.

யுனிவர்சிட்டியையும் அவள் அப்படித்தான் பார்த்தாள்.

முந்தாநாள் சென்னையில் நின்றாள். அது பெரிய யுனிவர்சிட்டி. ஆராய்ச்சிக்குப் பேர் போனது. சொன்னால் சிவகாசியே வாயைப் பிளக்கும்.

இது மதுரைப் பக்கம். ரொம்பப் பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. பி.எஸ்சி. பிள்ளைகளை முன்னால் வைத்து நடத்துகிற இடம் என்று பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

இரண்டிலும் பிரீத்திக்கு இடம் கிடைத்திருந்தது. நாளைக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சென்னை என்று பிரீத்தி எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

“தாயி, ஒரு நிமிசம் இங்கன வாங்க. உங்களுக்குப் பாடம் எடுக்கிறது பெரிய வாத்தியாரா, அவுக கையாளா?”

கண்ணாடி போட்ட பெண் சிரித்துவிட்டாள். “புரொபசரேதான்க்கா எடுப்பாங்க. லேப்ல கூட முதுகுக்குப் பின்னாடியே நிப்பாங்க.”

“டீ நல்லா இருக்குமா?”

“கண்றாவியா இருக்கும்.”

யோகேஸ்வரிக்குத் திருப்தி. எந்தக் கம்பெனியிலும் டீ நல்லா இருக்காது; நல்லா இருக்கும் என்று சொல்கிறவளிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கக் கூடாது.

“ஒரு நா நீங்க வரலைன்னா யாராச்சும் தேடுவாகளா?”

“ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. ஒரு நாள் கட் அடிச்சா மேடமே போன் போட்டுருவாங்க. எங்கம்மா கூட அவ்ளோ கேள்வி கேக்காது. உங்க பொண்ணை இங்க சேத்துடாதீங்கக்கா, பாவம்.”

“ஜெயிலுக்கா, ஜெயிலு” என்று சைக்கிளில் போன ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

சென்னையில் இதே கேள்விக்கு ஒருத்தி, “யாரும் கண்டுக்கவே மாட்டாங்க ஆன்ட்டி, செம ஜாலி” என்று சொன்னாள். அதைக் கேட்டு பிரீத்திக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு பஸ் தள்ளி வந்தால்கூட நாலு பேர் காரணம் கேட்கிற ஊரில் வளர்ந்தவள் அவள்.

யோகேஸ்வரி திரும்பி வந்தாள்.

“இந்த இடம்தான்டி நல்லாருக்கு.”

“படிக்கப் போறது நீயா நானா? எங்க போன, எப்ப வந்தன்னு சென்னையில ஒரு ஆள் கேக்க மாட்டாக. எனக்கு அதாம்மா வேணும்.”

கத்துவாள் என்று பிரீத்தி காத்திருந்தாள். அம்மா பஸ் ஸ்டாப் கட்டையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினாள்.

“எனக்கும் ஒரு காலத்துல அதுதான் வேணும்னு இருந்துச்சு” என்றாள்.

“எப்ப?”

“நீ வயித்துல இருக்கையில. பாதி நாளு வாந்தி, எந்திரிக்க முடியாது. அப்பத்தான் இப்ப வேலை பாக்குற இந்தக் கம்பெனி கேட்டுல நின்னு விசாரிச்சேன். வந்தா வா, வராட்டி ஒருத்தரும் கேக்க மாட்டாகன்னு சொன்னாளுக. அம்புட்டுச் சந்தோசம் எனக்கு. மறுநாளே சேந்துட்டேன்.”

“சரி, அதுக்கென்ன இப்போ?”

“ஒண்ணுமில்ல. திங்கக்கெளம ராத்திரி நாம மெட்ராசுக்குக் கெளம்புனோம்ல, போர்மேன்கிட்ட நான் லீவு சொல்லல.”

“மறந்துட்டியா?”

“மறக்கல. சும்மா சொல்லாமத்தான் பாப்போமேன்னு.”

இன்றைக்கு வியாழக்கிழமை. வெடிமருந்துக்கு நடுவே இத்தனை வருசமாக ஒரே அறையில், ஒரே இடத்தில் உட்கார்ந்து பட்டாசுக்குத் திரி கோக்கிறவள் மூன்று நாளாக அங்கே இல்லை.

பிரீத்திக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது.

“யாருமே போன் பண்ணலையாம்மா?”

“ஏன் பண்ணாம?” என்று சிரித்தாள் யோகேஸ்வரி. “எக்மோர்ல நான் கூட்டத்துல மாட்டிக்கிட்டப்ப நீ பண்ணுனேல்ல. எங்க நிக்கிற அம்மான்னு.”

சிவகாசி பஸ் வந்து நின்றது. பிரீத்தி எதிரே காலேஜ் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்; இரண்டு பேரும் ஏறாததால் பஸ் கிளம்பிப் போனது.