பேஸ் கொஞ்சம் அதிகம்

ஸ்பாஸின் டாக்ஸி தெருமுனை திரும்புவதற்குள் மூன்றாவது மாடி ஜன்னல் கண்ணாடி அதிர ஆரம்பித்துவிடும்.

"வந்துட்டான்" என்றார் திஹோமிர். அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவர் அவர்தான். காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

டாக்ஸி வாசலில் நின்றது. டிக்கி முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. நம்பர் பிளேட் தந்தி அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் யாரும் இறங்கவில்லை. பிறகு சத்தம் நின்றது. பின் கதவைத் திறந்துகொண்டு நெவெனா டீச்சர் இறங்கினார். கறுப்பு உடை. கையில், கல்லறையில் படைக்க அவித்த கோதுமை கொண்டுபோன டப்பா.

விதின் நகரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். ஒரே மகள் ரலித்சா வசந்த காலத்தில் இறந்துபோனாள். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வருகிறார். ஸ்பாஸின் டாக்ஸியில்தான்.

"வரேன் ஸ்பாஸ்."

"சரிங்க டீச்சர். அடுத்த வெள்ளி பத்து மணிக்கு வந்துடறேன்."

அவர் உள்ளே போகும்வரை காத்திருந்த திஹோமிர், டாக்ஸி ஜன்னலில் குனிந்தார்.

"ஏம்ப்பா, நீ மனுஷன்தானா?"

"என்னண்ணே ஆச்சு?"

"பெத்த பொண்ணு கல்லறைக்குப் போயிட்டு வர்றவங்களைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டு, டும்டும்னு கல்யாண ஊர்வலமா நடத்துறே?"

"பாட்டுச் சத்தம் கம்மிதாண்ணே. அடியில அதிருதே, அந்த பேஸ்தான் கொஞ்சம் அதிகம்."

"அதைத்தான் குறைக்கச் சொல்றேன்."

"அது என் கையில இல்லண்ணே."

"திமிரைப் பாரு!" என்றாள், முதல் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண். "அந்தம்மாவும் வாயைத் திறக்க மாட்டேங்குது. மக சாவுக்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே. கல்லு!"

"அவங்க சொல்ல மாட்டாங்க. நாமதான் சொல்லணும்" என்றார் திஹோமிர்.

சாயங்காலத்துக்குள் மனு தயாராகிவிட்டது. அவரே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார். டாக்ஸி ஆபீசுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

ஆபீசை நடத்தும் ஸ்லாத்கா, ஸ்பாஸைக் கூப்பிட்டு விட்டாள்.

"திங்கக்கிழமை மனு என் மேஜைக்கு வருதாம். அதுக்குள்ள அந்தப் பெட்டியைக் கழட்டு. இல்லன்னா வண்டிச் சாவியை வச்சுட்டுப் போ."

"கழட்ட முடியாதுக்கா."

"வீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்புறம் என்னடா பிடிவாதம்?"

ஸ்பாஸ் சாவியை ஒரு தடவை பார்த்தான்.

"எனக்கு பேஸ் பிடிக்கும்க்கா" என்றான்.

சனிக்கிழமை காலை திஹோமிர், பக்கத்து வீட்டு நெவெனாவின் காலிங்பெல்லை அழுத்தினார்.

"இருபத்திரெண்டு கையெழுத்து சேர்ந்துடுச்சு டீச்சர். உங்களுது ஒண்ணுதான் பாக்கி. இனிமே அந்தப் பய நம்ம தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டான்."

நெவெனா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். கையெழுத்துப் போடாமல் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த பேஸுக்குன்னு தனியா ஒரு குமிழ் உண்டு, தெரியுமா? பாட்டைத் தொடாது. அதிர்வை மட்டும் கூட்டும், குறைக்கும்."

"தெரியும் டீச்சர். அவன் முழங்கால்கிட்ட இருக்கும்."

"முன்னாடி அங்கதான் இருந்துச்சு. இப்ப ஒயரை நீட்டி, பின் சீட்டுல என் கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கான். கூட்டுறது நான்."

திஹோமிருக்கு விளங்கவில்லை.

"முதல் வாரம் திரும்பி வரும்போது வாயில சால்வையைத் திணிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவன் திரும்பிப் பாக்கலை. எதுவும் கேக்கலை. பேஸை மட்டும் கூட்டினான். சால்வையை எடுத்துட்டேன். எம்மா, என் குரல் எனக்கே கேக்கலை! மூணாவது வாரம் குமிழ் பின்னால வந்துடுச்சு. 'உங்களுக்கு வேணுங்கிற அளவு வச்சுக்குங்க டீச்சர்'னான். அவ்வளவுதான் பேச்சு."

திஹோமிர் காகிதத்தைப் பார்த்தார். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'மனிதாபிமானமற்ற செயல்' என்று அவர்தான் எழுதியிருந்தார்.

"அதுக்கு... நம்ம வீட்டுலயே..." என்று இழுத்தார்.

"வீட்டுல அழுதா உங்களுக்குக் கேக்குமே."

"கேட்டா என்ன டீச்சர்? நாங்க என்ன அந்நியமா?"

நெவெனா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க சம்சாரம் பென்கா செத்துப் போனதுலேருந்து தினமும் காலையில குளியலறைக் குழாயை முழுசாத் திறந்து விடுறீங்க. ஒரு மணி நேரம் தண்ணி ஓடுது. அதையும் மீறிக் கேக்குது, திஹோமிர். ரெண்டு வருஷமா. இன்னிக்குக் காலையிலகூட. நான் யார்கிட்டயும் சொன்னதில்லை."

திஹோமிர் மனுவை இரண்டாகக் கிழித்தார். பிறகு நாலாக. துண்டுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

தன் வீட்டுக் கதவு வரை போனவர், திரும்பி வந்தார்.

"டீச்சர்... ஸ்பாஸ் ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டுவானா?"