ஆறாம் நம்பருக்கு ஜோடி

"அப்பா இல்லீங்களா? பரவாயில்ல, நீங்களே சொல்லிடுங்க. அவர் எழுதி வச்சிருந்த ஆறாம் நம்பருக்கு ஜோடி கிடைச்சிருச்சு."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகள், அப்பா சார்ஜில் போட்டுவிட்டு மறந்துபோன செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"என்ன கிடைச்சிருச்சு?"

"ஜோடிங்க. லைப்ரரியில வேலை பார்க்கிறாங்க. உங்கம்மாவோட ஒத்துப் பார்த்துட்டோம், எள்ளளவும் வித்தியாசம் இல்ல. மூணு மணிக்கு வர்றாங்க, அப்பாவையும் வரச் சொல்லுங்க. பொருந்திச்சுன்னா இன்னிக்கே முடிச்சிரலாம்."

பேசியது மையத்துக்காரி. அந்த மையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பழைய சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி என்று எது வந்தாலும் வாங்கிப் பழுது பார்த்து, தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுப்பார்கள். எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா வாரத்தில் மூன்று நாள் அங்கே போய்ச் சக்கரங்களைச் சரிசெய்து கொடுப்பார். சக்கரத்தைத்தான் சரிசெய்கிறார் என்று மகள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

அம்மா போய்ப் பத்து மாதம்தான் ஆகிறது. அப்பாவைத் தனியாக விடக் கூடாது என்று வெளியூர் வேலையை மாற்றிக்கொண்டு வந்தவள் அவள். அம்மா இடத்தில் இன்னொருத்தியா? உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அப்பா ஜோடி தேடுறாராம்ணா."

"அப்பாவா? ஒரு குடை வாங்கவே மூணு மாசம் யோசிப்பாரே. சரியா கேட்டியா?"

"என் காது நல்லாத்தான் இருக்கு. ஆறாம் நம்பராம். அவருக்கு முன்னால இன்னும் அஞ்சு பேர் வரிசையில நிக்கிறாங்க போல."

அண்ணன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு அழுகை வந்தது. போனை வைத்துவிட்டாள்.

சலூனுக்குப் போயிருந்த அப்பா, முகத்தை மழித்துக்கொண்டு பளபளவென்று வந்து நின்றார். பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மையத்துலேருந்து போன். ஜோடி கிடைச்சிருச்சாம்."

அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நிஜமாவா? யாராம்?"

"யாரோ லைப்ரரிக்காரி. உங்களுக்கு வெக்கமா இல்லையாப்பா?"

"இதுல என்னம்மா வெக்கம்? ஆறு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்."

ஆறு வருஷமா? அம்மா உயிரோடு இருக்கும்போதேவா?

"இது அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவதானே என்னை இழுத்துட்டுப் போய் எழுதி வச்சதே. வாரா வாரம் கேட்பா, கிடைச்சுதா, கிடைச்சுதான்னு. பாவம், பார்க்கக் கொடுத்து வைக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அந்த நீலச் சட்டைய எடும்மா. அவளுக்குப் பிடிச்சது."

ஒன்று, அப்பாவுக்குப் புத்தி தடுமாறியிருக்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது. எது உண்மை என்று மகளால் தீர்மானிக்க முடியவில்லை. அதற்குள் அப்பா அம்மாவின் பீரோவைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார்.

"அம்மாவோடத எடுத்து அவங்களுக்குக் கொடுக்கப் போறீங்களா?"

"ஆமா. அவளுக்குத்தான் ஒருநாளும் உதவல. இவங்களுக்காவது உதவட்டும்."

அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அவளும் கிளம்பினாள். அப்பா பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். 'எங்கம்மா இடம் காலியா இல்லீங்க' என்று அந்த லைப்ரரிக்காரியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள் மகள்.

மையத்தில் எண்ணெயும் ரப்பரும் மணத்தன. மையத்துக்காரி சிரித்த முகமாக வரவேற்றாள்.

"ஆறாம் நம்பருக்குத்தான் இவ்வளவு நாள் ஆயிருச்சு. ஏழுக்கும் எட்டுக்கும் டக்குனு கிடைச்சிரும்."

இதில் வரிசைகூடப் பார்க்க மாட்டார்களா என்று மகள் விழித்தாள். மையத்துக்காரி பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க, உங்கம்மா எழுதினது."

அம்மாவின் எழுத்தேதான், எப்போதும்போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. 'நான் இல்லாவிட்டாலும் தேடுவதை நிறுத்த வேண்டாம். கிடைத்ததும் என் கணவரிடம் சொல்லவும்.'

மூன்று தடவை படித்தாள். ஒரு மண்ணும் புரியவில்லை. கோபப்படுவதா, அழுவதா என்றுகூடத் தெரியவில்லை.

கதவு திறந்தது. லைப்ரரிக்காரி வந்துவிட்டாள். கூடவே ஓர் ஆளும் வந்தார்.

"இவர் என் வீட்டுக்காரர்," என்றாள் அவள், வெகு இயல்பாக.

மகளுக்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வசனம் மறந்தே போய்விட்டது. அப்பாவோ, வந்தவருக்கு ஆசையாகக் கை கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியை லைப்ரரிக்காரியின் முன்னால் வைத்துத் திறந்தார்.

உள்ளே பத்துச் செருப்புகள் இருந்தன. எல்லாம் ஆறாம் நம்பர், எல்லாம் வலது கால், ஒன்றில்கூட மண் ஒட்டியிருக்கவில்லை. அம்மாவுக்கு இடது கால் மட்டும்தான். கடையில் ஒற்றையாகத் தரமாட்டார்கள் என்பதால் ஜோடி ஜோடியாக வாங்கி, வலதைப் போடாமலே எடுத்து வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றை, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, தனக்கிருந்த ஒரே காலான வலது காலில் மாட்டிப் பார்த்தாள் லைப்ரரிக்காரி. கச்சிதமாகப் பொருந்தியது.