முதலாளி பூஜையில் இருக்கிறார்

கற்பூரத் தட்டை அவன் கையில் கொடுத்தாள் மனைவி.

முதலாளிதான் காட்ட வேண்டும்.

சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலை. இலைமேல் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். இன்றைக்கு அவற்றை எடுத்து வேலை செய்யக் கூடாது. ஆயுத பூஜையன்று இரும்புக்கும் ஓய்வு உண்டு.

பம்ப் கம்பெனியில் இருந்த காலமெல்லாம் இந்த நாளில் பின்வரிசையில் நின்றவன். யாரோ தட்டை ஏந்துவார்கள், இவன் தலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வான். இனி எவன் முதுகுக்குப் பின்னாலும் நிற்பதில்லை என்றுதான் வேலையை விட்டான்.

இது சொந்தக் கடை, மோட்டார் ரிப்பேர். முதல் பூஜை. புது வேட்டி மொடமொடவென்று இருந்தது.

தீக்குச்சியை உரசும்போது போன் அடித்தது.

தெரியாத நம்பர். சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீடு. மோட்டார் ஓடவில்லை, டேங்க் காலி, வீடு நிறைய விருந்தாளிகள். போர்டைப் பார்த்துக் கூப்பிட்டாராம்.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். முடியாது என்றால் அவர் அடுத்த போர்டைப் பார்ப்பார். அப்புறம் அந்த வீட்டு வேலை என்றைக்கும் அடுத்த போர்டுக்காரனுக்குத்தான்.

"ஆளை அனுப்பறேனுங்க," என்றான்.

குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு சொன்னான். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எந்த ஆள் என்று மனைவி கேட்கவில்லை. தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

வேட்டியை அவிழ்த்துப் பேண்ட்டை மாட்டினான். இலையிலிருந்து எடுத்த ஸ்க்ரூ டிரைவரில் சந்தனம் இன்னும் காயவில்லை. சாமியிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடுவதுபோல் கூச்சமாக இருந்தது.

வழியெல்லாம் மாலை போட்ட லாரிகள் சும்மா நின்றன. உடைத்த பூசணிக்காய்களுக்கு நடுவே வண்டியை வளைத்து வளைத்து ஓட்டினான்.

கேட்டைத் திறந்த வீட்டுக்காரர் அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"ஓனர் வரலீங்களா?"

"பூஜையில இருக்காருங்க."

நான்தான் ஓனர் என்று சொல்லியிருக்கலாம். பூஜைக்கு வைத்த சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற முதலாளியை எந்த ஊரில் பார்த்திருக்கிறார்கள்? வெட்கமாகிவிட்டது.

கெபாசிட்டர் போயிருந்தது. மாற்றினான். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் உள்ளே குழந்தைகள் கைதட்டின.

வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். கூடவே கோபமும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில் அப்பியிருந்த சந்தனத்தைப் பார்த்துவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா ஆளை வெரட்டிட்டு, அவன் மட்டும் பூஜையில உக்காந்திருக்கறானா? என்ன மனுசனப்பா அவன்?"

"அப்படித்தானுங்க," என்றான். "லீவே குடுக்க மாட்டாருங்க. காச்சல்னாலும் வரோணுங்க."

சொல்லச் சொல்ல நிஜமாகவே கோபம் ஏறியது. கம்பெனியில் டீக்கு உட்காரும்போதெல்லாம் எல்லோருமாகச் சேர்ந்து முதலாளியை வைவார்கள். வேலையை விட்ட பிறகு வைவதற்கு ஆளே இல்லாமல் போயிருந்தது. இப்போது வாய் நிறைய வைதான். சுகமாக இருந்தது.

வீட்டுக்காரர் மனம் இளகிப்போய் அவன் தோளில் கை வைத்தார்.

"கைத்தொழில் தெரிஞ்சவன் நீ. அவங்கிட்ட எதுக்கப்பா கெடந்து சாகறே? சொந்தமா ஒரு கடையப் போட வேண்டீதுதானே?"

அவன் சாமான்களைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான்.

"பாக்கறேனுங்க," என்றான்.